வீரச்செயலும் நினைவுக்குறிப்பும்: டூவே யான்சனின் மூமின் அப்பா சொல்லும் இளமைக்கதை

ஆய்வுச் சுருக்கம்

பின்லாந்தைச் சேர்ந்த சுவீடிய மொழி எழுத்தாளர் டூவே யான்சன் (1914–2001) 1950இல் வெளியிட்ட மூமின் நூல், தந்தை ஒருவர் தம் இளமைச் சாகசங்களைத் தாமே எழுதிப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவதாக அமைந்தது. 1968இல் இந்நூல் பெரிதும் திருத்தப்பட்டு வேறொரு தலைப்பில் வெளிவந்தது. ‘வீரச்செயல்கள்’ என்றிருந்த தலைப்பு ‘நினைவுக்குறிப்புகள்’ என மாறியதை இக்கட்டுரை தொடக்கப்புள்ளியாகக் கொள்கிறது. நூலின் அமைப்பையும், அதில் பகடி செய்யப்படும் தன்வரலாற்று மரபையும், ஆசிரியரின் தந்தையான சிற்பி விக்டர் யான்சனின் தலைமுறை கண்ட 1918ஆம் ஆண்டுப் போரையும் ஒருங்கே வைத்து நோக்குகிறது. தந்தையின் இளமைக்கதையில் சொல்லப்பட்டவற்றைப் போலவே சொல்லாமல் விடப்பட்டவையும் வரலாற்றுச் சான்றாகும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: டூவே யான்சன், மூமின், சிறார் மிகைபுனைவு, தன்வரலாறு, தந்தைமை, பின்லாந்து உள்நாட்டுப் போர்

முன்னுரை

பிள்ளைகளுக்குத் தந்தை சொல்லும் இளமைக்கதை ஒரு விந்தையான வாய்மொழி ஆவணம். அதற்குச் சாட்சி பெரும்பாலும் சொல்பவர் ஒருவரே. கேட்பவர்கள் அக்காலத்தில் பிறந்திருக்கவில்லை. சரிபார்க்கும் வழியும் அவர்களிடம் இல்லை. ஆயினும் குடும்பத்தின் பழைய வரலாறு என்று அவர்களுக்கு முதலில் கிடைப்பது அக்கதையே. இந்நிலையைச் சிறார் மிகைபுனைவு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளிப்படையாகவே கையாளத் தொடங்கியது. அமெரிக்க எழுத்தாளர் ரூத் ஸ்டைல்ஸ் கேனட் 1948இல் வெளியிட்ட ‘என் அப்பாவின் டிராகன்’ என்னும் நூலில், குட்டி டிராகனை மீட்கக் காட்டுத் தீவுக்குச் செல்லும் சிறுவன் எல்மர், கதை நெடுகிலும் ‘என் அப்பா’ என்றே சுட்டப்படுகிறான். சிறுவனாக இருந்த தந்தையை அவருடைய பிள்ளை வருணிக்கும் அந்த உத்தி இனிமையானது. ஆனால் அங்கே தந்தை பேசுவதில்லை. அவர் சொன்னதாகக் கொள்ளப்படும் கதையை எவரும் குறுக்கிட்டுக் கேள்வி கேட்பதுமில்லை. தொடர்ந்து வந்த இரு நூல்களிலும் அந்த உத்தியே கைவிடப்பட்டு, சிறுவன் எல்மர் என்ற பெயராலேயே அழைக்கப்படுகிறான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஹெல்சிங்கியிலிருந்து வந்த யான்சனின் நூல் இதே பொருளை வேறு திசையில் கொண்டுசென்றது. இங்கே தந்தை தாமே பேனாவைப் பிடிக்கிறார். எழுதிய ஒவ்வோர் இயலையும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிக்கிறார். பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள். சிறார் இலக்கிய ஆய்வில் மூமின் நூல்களைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். எனினும் இந்நூல் வரிசையிலேயே இலகுவான நகைச்சுவை நூலாகக் கருதப்பட்டு, பிற்கால நூல்களான ‘மூமின் அப்பாவும் கடலும்’ (1965), ‘நவம்பர் பிற்பகுதியில்’ (1970) ஆகியவற்றின் நிழலில் தங்கிவிட்டது. அந்த மதிப்பீடு மறுபரிசீலனைக்கு உரியது.

நூலும் அதன் அமைப்பும்

மூமின்கள் நீர்யானையை ஒத்த வெண்ணிறக் கற்பனை உயிர்கள். மூமின் அப்பா, மூமின் அம்மா, மகன் மூமின்ட்ரோல் ஆகியோரின் வீடு வருவோர் போவோருக்கெல்லாம் திறந்து கிடப்பது. ஸ்னிஃப், ஸ்னஃப்கின் என்னும் இரு தோழர்கள் அவ்வீட்டுப் பிள்ளைகளைப் போலவே நடத்தப்படுகின்றனர். (பாத்திரங்களின் பெயர்கள் இங்கே உலகளவில் வழங்கும் ஆங்கில மொழிபெயர்ப்பை ஒட்டித் தரப்படுகின்றன.) அப்பா நினைவுக்குறிப்பு எழுதும் செய்தி 1948இல் வந்த மூன்றாம் நூலிலேயே இடம்பெறுகிறது. தம் குழந்தைப்பருவத் துயரங்களை எழுதுகையில் தாமே மனம் கலங்கிவிடுகிறார் என்பது அங்கே ஒரு சிறு வேடிக்கை மட்டுமே. அந்த வேடிக்கை 1950இல் தனி நூலாயிற்று.

திருத்திய வடிவத்தின் தொடக்கத்தில் அப்பா கோடைக்காலத்தில் சளி பிடித்துப் படுத்திருக்கிறார். தமக்கு முடிவு நெருங்கிவிட்டதென நம்பிப் பிள்ளைகளை அழைத்து, தாம் உண்மையான சாகசக்காரராக வாழ்ந்தவர் என்பதை மறக்க வேண்டாம் என்கிறார். வரவேற்பறையில் உள்ள, கடல்நுரைக்கல்லில் செய்த சிறு டிராம் வண்டியைப் பற்றிய பேச்சு எழுகிறது. அவருடைய இளமைக்குக் கண்ணால் காணத்தக்க சான்றாக அவ்வீட்டில் இருப்பது அந்தப் பொம்மை ஒன்றே. எழுதிவிடுங்களேன் என்று சொல்லி நோட்டுப்புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுப்பவர் அம்மா. நோயாளியின் தன்னிரக்கத்தை வேலையாக மாற்றிவிடும் இல்லத்தரசியின் அறிவு அதில் தெரிகிறது.

அப்பா எழுதும் கதை இது. செய்தித்தாளில் சுற்றி அநாதை இல்லத்துப் படிக்கட்டில் விடப்பட்ட குழந்தை அவர். இல்லத்தை நடத்துபவர் ஒழுங்கையும் தூய்மையையும் தவிர வேறெதையும் அறியாத ஹெமுலன். தாம் சிறப்பான விண்மீன் சேர்க்கையில் பிறந்தவர் என்ற நம்பிக்கையோடு சிறுவன் அங்கிருந்து தப்பி ஓடுகிறான். பேச்சைக் குறைத்து வேலையைப் பெருக்கும் கண்டுபிடிப்பாளர் ஹாட்ஜ்கின்ஸ், காப்பித் தகரத்தில் குடியிருந்து பொத்தான் சேர்க்கும் மட்லர், எதையும் பொருட்படுத்தாத சோம்பேறி ஜாக்ஸ்டர் ஆகியோரைச் சந்திக்கிறான். நால்வரும் ஹாட்ஜ்கின்ஸ் கட்டிய படகில் புறப்படுகின்றனர். படகுக்கு ‘கடல் இசைக்குழு’ எனப் பொருள்படும் பெயர். அதை வண்ணம் தீட்டி எழுதிய மட்லர் எழுத்துப்பிழையோடு எழுதிவிட, பிழையே பெயராக நிலைக்கிறது. பேருருவம் கொண்ட எட்வர்ட் பூபிளை ஏமாற்றி ஆற்றில் படுக்க வைத்து, பெருகும் நீரில் படகை மிதக்க விடுகிறார்கள். புயல், நூறாவது பிறந்தநாள் கொண்டாடும் அரசன், தீவு, பேய், ஆழ்கடல் பயணம் எனக் கதை விரிகிறது. இறுதியில் புயலில் அலைப்பட்டுக் கரையொதுங்கும் ஒரு பெண்ணைக் கதாநாயகன் காப்பாற்றுகிறான். அவள் கைப்பையைப் பற்றியே கவலைப்படுகிறாள். மூமின் அம்மாவை அறிந்த வாசகருக்கு அவள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

செல்லினியின் நிழல்

நூலுக்குள் வரும் அப்பாவின் முன்னுரை, பெயர் சொல்லாத ஒரு பெருமனிதரைத் துணைக்கு அழைக்கிறது. நற்செயல் புரிந்தவர் யாராயினும் தம் வாழ்வை எழுதலாம், ஆனால் நாற்பது வயதுக்கு முன் தொடங்கலாகாது என்பது அவர் கருத்தாகச் சுட்டப்படுகிறது. இது பிளாரன்ஸ் நகரப் பொற்கொல்லரும் சிற்பியுமான பென்வெனுட்டோ செல்லினியின் (1500–1571) தன்வரலாற்றுத் தொடக்கத்தை நினைவூட்டுவது. சிறுவர்கள் இதை அறிய வாய்ப்பில்லை. படித்துக் காட்டும் பெற்றோருக்காக வைக்கப்பட்ட நகைச்சுவை இது.

செல்லினியைத் தேர்ந்தது தற்செயலன்று. 1527இல் ரோம் முற்றுகையிடப்பட்டபோது எதிர்ப்படைத் தலைவரான பூர்போன் கோமகனைத் தம் துப்பாக்கியே வீழ்த்தியது என்ற தொனியில் எழுதியவர் அவர். அவர் சொல்வதை முழுமையாக நம்பும் வரலாற்றாசிரியர் இல்லை. அவரை ஒதுக்கிவிட்டு அந்நூற்றாண்டின் கலை வாழ்வை எழுதக்கூடிய வரலாற்றாசிரியரும் இல்லை. இன்னொரு செய்தியும் இங்குப் பொருந்தும். 1558இல் தொடங்கிய தம் வரலாற்றின் பெரும்பகுதியைச் செல்லினி தாமே எழுதவில்லை. பட்டறையில் வேலை செய்துகொண்டே, ஏறத்தாழ 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு வாய்மொழியாகச் சொல்லி எழுதச் செய்தார். முதுமையின் வாசலில் நிற்கும் சிற்பி தம் இளமை வீரத்தைச் சொல்ல, ஒரு சிறுவன் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சி, மேலைத் தன்வரலாற்று மரபின் புகழ்பெற்ற நூல்களுள் ஒன்றின் பிறப்பிலேயே உள்ளது. சிற்பியின் மகளான யான்சனுக்கு அக்காட்சி அந்நியமானதாக இருந்திராது.

மூமின் அப்பாவின் முன்னுரை மேலும் இரண்டு ஒப்புதல்களைச் செய்கிறது. சிற்சில மிகைப்படுத்தல்களும் குழப்பங்களும் இருக்கலாம், அவை கதைக்கு உயிரூட்டவே என்கிறார். உயிரோடிருப்பவர் மனம் நோகாதிருக்கச் சில பாத்திரங்களின் இனத்தை மாற்றியிருப்பதாகவும், எடுத்துக்காட்டாக ஓரினத்தாரின் இடத்தில் ஹெமுலனை வைத்திருப்பதாகவும் சொல்கிறார். நினைவுக்குறிப்பு எழுதுவோர் வழக்கமாகச் சொல்லும் சாக்குகளே இவை. ஆனால் இரண்டாவது ஒப்புதலின் விளைவு கடுமையானது. அநாதை இல்லத்தை நடத்தும் ஹெமுலன் உண்மையில் ஹெமுலன்தானா என்ற ஐயம் முதல் பக்கத்திலேயே விதைக்கப்பட்டுவிடுகிறது. அநாதை இல்லத்துச் சிறுவனின் துயரத்தை எந்த அளவுக்கு நம்புவது என்று வாசகர் தாமே தீர்மானித்துக்கொள்ள வேண்டியதாகிறது.

கேட்கும் பிள்ளைகள்

இயல்களுக்கு இடையே கதை நின்று, வீட்டுக்குத் திரும்புகிறது. பிள்ளைகள் மூவரும் ஒரே கதையைக் கேட்டாலும் ஒரே கதையைக் கேட்பதில்லை என்பதை இவ்விடைவெளிகள் காட்டுகின்றன. மட்லர் ஸ்னிஃபின் தந்தை. ஜாக்ஸ்டர் ஸ்னஃப்கினின் தந்தை. இருவருக்கும் அச்செய்தி அதுவரை தெரியாது. தமக்குத் தந்தையர் உண்டு என்பதையே வேறொருவரின் தற்பெருமைக் கதையின் ஓரத்தில் அவர்கள் அறிந்துகொள்கிறார்கள். பொருளாசை மிக்க ஸ்னிஃப் பொத்தான் தொகுப்பைப் பற்றி விசாரிக்கிறான். ஸ்னஃப்கினுக்கோ தன் தந்தை எப்படிப்பட்டவர் என்பதே செய்தி.

இங்கே அப்பாவின் கதை அவர் கையை மீறிப் போகிறது. அவர் எழுதியது ‘நான்’ என்னும் பெருங்கதாநாயகனின் வரலாறு. பிள்ளைகளோ அதில் துணைப்பாத்திரங்களைத் தேடுகிறார்கள். வீரத்தின் ஆவணமாக எழுதப்பட்டது இரு பிள்ளைகளுக்குக் குடிவழிப் பதிவேடாகிவிடுகிறது. தன்வரலாறுகளை ஆய்வாளர் பயன்படுத்தும் முறையும் இதுவே அல்லவா: எழுதியவர் தம்மைப் பற்றிச் சொல்லும் இடங்களைக் காட்டிலும், கவனமின்றிப் பிறரைக் குறிப்பிடும் இடங்களே பெரும்பாலும் பயன்படுகின்றன.

மரபுவழிப் பண்பு இங்கே காலத்தைப் பின்னோக்கித் திருத்தி அமைக்கப்படுவதும் கவனிக்கத்தக்கது. தடையறிவிப்புப் பலகைகளையும் பூங்காக் காவலரையும் ஜாக்ஸ்டர் வெறுப்பதாக 1950இல் எழுதப்பட்டது. பூங்காவின் தடைப்பலகைகளை ஸ்னஃப்கின் பிடுங்கி எறியும் காட்சி 1954இல் வந்த ‘ஆபத்தான நடுக்கோடை’யில் உள்ளது. வரிசையாகப் படிக்கும் வாசகர், தந்தையைப் பற்றி ஒருமுறை கேட்டறிந்த மகன் தந்தையைப் போலவே நடந்துகொள்வதைக் காண்கிறார். அது இரத்தத்தின் வழி வந்ததா, கேட்ட கதையின் வழி வந்ததா என்பதற்கு நூல்கள் விடை தருவதில்லை.

மூமின்ட்ரோலின் நிலை வேறு. அவன் தந்தையை நாள்தோறும் காண்பவன். அவனுக்குக் கிடைப்பது தந்தையின் தந்தையைப் பற்றிய வெறுமை. அப்பா படிக்கட்டில் கிடந்த குழந்தை. அவருக்கு முன்னோர் இல்லை. தந்தைவழியைப் போற்றும் கதை தந்தையில்லாத ஒருவரிடமிருந்து தொடங்குவது யான்சன் செய்த மிக முக்கியமான தேர்வு. முன்னோரின் கடன், குலப்பெருமை, தேசத்தின் அழைப்பு ஆகிய எதுவும் இந்த இளைஞனைத் துரத்துவதில்லை. அவன் ஓடுவது ஒழுங்கிலிருந்து மட்டுமே.

விக்டர் யான்சனின் தலைமுறை

யான்சனின் தந்தை விக்டர் (1886–1958) ஹெல்சிங்கியில் வாழ்ந்த சிற்பி. தாய் சிக்னே ஹம்மார்ஸ்டென் சுவீடனிலிருந்து வந்த ஓவியர். நூல்களுக்கும் இதழ்களுக்கும் வரைந்தும் அஞ்சல்தலைகளை வடிவமைத்தும் குடும்ப வருமானத்தில் பெரும்பங்கை ஈட்டியவர். மூமின் அம்மாவுக்கு அவர் முன்மாதிரி என்பதை யாரும் மறுப்பதில்லை. மூமின் அப்பாவை விக்டரோடு அவ்வளவு எளிதாகப் பொருத்த முடியாது. புயல் வந்தால் உற்சாகம் கொள்வதும், தீப்பிடித்த இடத்தைக் காணப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதும் விக்டரின் இயல்பாகச் சொல்லப்படுகின்றன. மூமின் அப்பாவும் அமைதியான நாளில் சோர்ந்து, ஆபத்தில் மலர்பவர். ஒற்றுமை அதுவரை சரி. வேற்றுமைதான் ஆராயத்தக்கது.

1918 ஜனவரியிலிருந்து மே வரை பின்லாந்தில் நடந்த உள்நாட்டுப் போரில் ‘வெள்ளையர்’ தரப்பில் விக்டர் பங்கேற்றார். ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் 36,000க்கும் மேற்பட்டோர் அதில் மாண்டனர். போர்க்களத்தில் இறந்தவர்களைக் காட்டிலும் துப்பாக்கிமுனையிலும் சிறைமுகாம்களிலும் இறந்தவர்கள் மிகுதி. போரிலிருந்து மீண்ட விக்டர் பழைய மனிதராக இல்லை என்பதை யான்சனின் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் வலியுறுத்துகின்றனர். வென்ற தரப்பு அப்போரை விடுதலைப் போர் என்று அழைத்தது. போரின் பெரும் சமர் நடந்த தாம்பரே நகரில் 1921இல் நிறுவப்பட்ட ‘விடுதலைச் சிலை’ விக்டர் வடித்ததுதான். வாளேந்திய ஆடவனின் உருவம் அது. ஆக, வீரச்செயலை வெண்கலத்தில் நிறுத்துவது அவ்வீட்டின் தொழிலாகவும் இருந்தது.

1930களின் பிற்பகுதியிலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் தந்தைக்கும் மகளுக்கும் அரசியல் முரண்பாடு முற்றியது. விக்டரின் சார்பு ஜெர்மனியின் பக்கம் இருந்தது. யூதர்களைப் பற்றிய அவர் கருத்துகளை மகளால் ஏற்க முடியவில்லை. மகளோ ‘கார்ம்’ என்னும் அங்கத இதழில் ஹிட்லரைக் கேலி செய்து வரைந்துகொண்டிருந்தார். 1938இல் அவ்விதழில் வந்த படத்தில் ஹிட்லர், கேக்குக்காக அழுது அடம்பிடிக்கும் குழந்தையாகக் காட்சி தருகிறார். தம்பி பேர் உலோவ் போர்முனையில் இருந்தார். முதல் மூமின் கதையை யான்சன் எழுதத் தொடங்கியது 1939–40 குளிர்காலப் போரின்போது. அது நூலாக வெளிவந்தது 1945இல். காணாமற்போன தந்தையைத் தாயும் மகனும் தேடிச் செல்வதே அதன் கதை.

இப்பின்னணியில் 1950ஆம் ஆண்டு நூலைப் படிக்கும்போது அதில் இல்லாத ஒன்று கண்ணை உறுத்துகிறது. மூமின் அப்பாவின் இளமையில் போர் இல்லை. ஆயுதமும் இல்லை. அந்தத் தலைமுறைத் தந்தையர் எவரிடமும் இளமைக்கதை கேட்டாலும் 1918 குறுக்கே வந்து நின்றிருக்கும் நாட்டில், போரே இல்லாத இளமையை ஒரு தந்தைக்குப் புனைந்து அளித்திருக்கிறார் மகள். இதை வெறும் சிறார் நூலின் மென்மை என்று கடந்துபோக இயலாது. யான்சன் சிறார் நூல்களில் பேரழிவை எழுதத் தயங்கியவர் அல்லர். 1945இல் பெருவெள்ளத்தையும் 1946இல் உலகை நோக்கி விழும் வால்விண்மீனையும் எழுதியவர். அப்பாவின் இளமையிலிருந்து போரை விலக்கியது தேர்ந்து செய்த செயல் என்றே கொள்ள வேண்டும்.

தானே ஆள்பவன்

போர் விலக்கப்பட்டாலும் அரசியல் முற்றாக மறையவில்லை. நண்பர்கள் சென்று சேரும் நாட்டின் மன்னனைச் சுவீடிய மூலம் ‘தானே ஆள்பவன்’ என்று பொருள்படும் சொல்லால் குறிக்கிறது. ரஷ்யப் பேரரசரின் அதிகாரப் பட்டத்தைச் சுவீடிய மொழியில் குறிக்கும் சொல்லும் அதுவே. 1809 முதல் 1917 வரை பின்லாந்து அந்தப் பேரரசின் கீழ்க் கோமகனாட்சி நிலமாக இருந்தது. விக்டருக்கு 12 வயதாக இருந்தபோது, 1899 பிப்ரவரி அறிக்கையின் வழி, அந்நாட்டின் தன்னாட்சி உரிமைகளைச் சுருக்க முற்பட்டவர் இரண்டாம் நிக்கலாஸ். அத்தலைமுறையின் இளமையில் ‘தானே ஆள்பவன்’ அச்சத்துக்கும் எதிர்ப்புக்கும் உரிய சொல்.

மூமின் நூலில் அவன் நூறு வயது நிறைந்ததைக் குடிமக்களோடு தோட்ட விருந்து வைத்துக் கொண்டாடும் வேடிக்கைக் கிழவன். தோட்டத்தின் வழிநெடுகிலும் விருந்தினரைத் திடுக்கிடச் செய்யும் பொறிகளை அமைத்து, அவர்கள் அலறுவதைக் கண்டு மகிழ்பவன். கொடுங்கோன்மையின் சொல் திருவிழா விளையாட்டாகத் தேய்க்கப்பட்டுவிட்டது. ஹாட்ஜ்கின்ஸ் அரசவைக் கண்டுபிடிப்பாளராகி நண்பர்களை விட்டு விலக நேரும் பகுதியில் மட்டும், அதிகாரம் நட்பைப் பிரிக்கும் என்ற கசப்பு லேசாகத் தலைகாட்டுகிறது. சட்டத்துக்கு அஞ்சாத ‘விடுதலைக் குடியேற்றம்’ ஒன்றை மற்றவர்கள் தீவில் நிறுவுகிறார்கள். அங்கே உண்மையான சட்டமீறல் எதுவும் நடப்பதில்லை. இடதுசாரி இதழாசிரியரும் அரசியலாளருமான ஆத்தோஸ் விர்த்தனனோடு யான்சன் 1940களில் மொராக்கோவில் கலைஞர் குடியேற்றம் அமைக்கக் கனவு கண்டவர். அத்தகைய கனவுகள் எளிதில் சலித்துப்போகும் என்பதைத் தீவில் மூமின் அப்பா கொட்டாவி விடும் பக்கங்கள் நன்கு அறிந்திருக்கின்றன.

நினைவுக்குறிப்பில் இடம்பெறாத சாகசம்

அப்பாவின் நூல் அம்மாவைக் காப்பாற்றும் இரவோடு முடிகிறது. அதாவது அவர் தந்தையாவதற்கு முன்பே முடிகிறது. இதனால் அவருடைய சாகசங்களுள் குடும்பத்தைப் புண்படுத்திய ஒன்று நூலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. 1945ஆம் ஆண்டு நூலில் அவர் பேசாது அலைந்துகொண்டேயிருக்கும் ஹட்டிஃபாட்டனர்களோடு போய்விட்டவர். அப்பயணத்தின் கதையை யான்சன் 1962இல் ‘கண்ணுக்குத் தெரியாத குழந்தை’ தொகுப்பில் எழுதினார். அங்கே அப்பா எழுதுபவர் அல்லர். கதை படர்க்கையில் சொல்லப்படுகிறது. யாரிடமும் சொல்லாமல் வராந்தாவை விட்டு இறங்கிப் போகும் நடுவயதுக்காரர், தாம் வியந்த அந்த மௌனப் பயணிகள் இடிமின்னலில் மட்டுமே உயிர் பெறுபவர்கள் என்று கண்டு வீடு திரும்புகிறார்.

தன்மையில் சொல்லப்பட்ட சாகசம் பெருமிதமாகவும், படர்க்கையில் சொல்லப்பட்ட சாகசம் ஓட்டமாகவும் தோன்றுவது தற்செயலாக நேரக்கூடியதன்று. 1965ஆம் ஆண்டு நூலில் நிலைமை மேலும் இறுகுகிறது. தாம் தேவைப்படாதவராகிவிட்டோம் என்று உணரும் அப்பா, குடும்பத்தையே கலங்கரை விளக்கம் உள்ள தீவுக்குப் பெயர்த்துச் செல்கிறார். இளமைக்கதை இனி பிள்ளைகளை மகிழ்விக்கும் வாசிப்பு அன்று. அது மற்றவர்கள் வாழ வேண்டிய வாழ்க்கையாகிவிடுகிறது. அம்மா சுவரில் தம் தோட்டத்தைத் தீட்டி அந்த ஓவியத்துக்குள் ஒளிந்துகொள்ளுமளவுக்கு அது சுமையாகிறது.

1968

விக்டர் யான்சன் 1958இல் மறைந்தார். 1968இல் இரண்டு செயல்கள் ஒருங்கே நிகழ்ந்தன. ‘மூமின் அப்பாவின் வீரச்செயல்கள்’ திருத்தப்பட்டு ‘மூமின் அப்பாவின் நினைவுக்குறிப்புகள்’ ஆயிற்று. பெரியவர்களுக்கான யான்சனின் முதல் உரைநடை நூலான ‘சிற்பியின் மகள்’ வெளிவந்தது. முதலாவதை மட்டும் தனித்துப் பார்த்து மிகையான பொருள் கற்பிக்கலாகாது; அவ்வாண்டில் வேறு சில மூமின் நூல்களும் திருத்தம் பெற்றன, வால்விண்மீன் நூலும் புதிய தலைப்போடு வந்தது. எனினும் ‘வீரச்செயல்’ என்ற சொல்லை விட்டு ‘நினைவுக்குறிப்பு’ என்ற சொல்லுக்குச் செல்வது எடையற்ற மாற்றம் அன்று. முன்னது நிகழ்ந்ததைப் பற்றிய உரிமைகோரல். பின்னது நினைக்கப்படுவதைப் பற்றிய அறிவிப்பு. ஆங்கிலத்தில் 1952இல் வந்த மொழிபெயர்ப்பு முதல் வடிவத்தையும் முதல் தலைப்பின் பொருளையும் ஒட்டியது. ஆங்கிலம் வழி இந்நூலை அணுகுவோர் எந்த வடிவத்தைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

‘சிற்பியின் மகள்’ நூலில் தந்தை இளமைக்கதை சொல்வதில்லை. சிறுமி பார்க்கிறாள். செல்லப்பிராணியாகக் குரங்கு வளர்க்கும் தந்தை, வெள்ளம் வந்தால் மகிழும் தந்தை, நண்பர்களோடு விடிய விடிய விருந்து கொண்டாடும் தந்தை. விருந்தைப் பற்றிய பகுதியில் இசையும் மதுவும் ஒரு கட்டத்தைக் கடந்ததும் ஆடவர்களுக்குப் போரின் நினைவு வருகிறது. தந்தை துப்பாக்கிமுனைக் கத்தியை எடுத்துப் பிரம்பு நாற்காலியைத் தாக்குகிறார். சிறுமி அதை விளக்க முற்படுவதில்லை. ஆண்கள் ஒருவரையொருவர் கைவிடாத தோழர்கள் என்று, கேட்டதை அப்படியே ஏற்றுக்கொண்ட தொனியில் சொல்லிச் செல்கிறாள். 1950ஆம் ஆண்டு நூலின் அப்பாவிடமிருந்து விலக்கிவைக்கப்பட்ட போர் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. அது கதையாக வரவில்லை. கத்தியும் நாற்காலியுமாக, சொல்லின்றி வருகிறது.

இரு நூல்களின் முடிவுநிலைகளும் இவ்விடத்தில் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. மூமின் அப்பா கடைசி இயலைப் படித்து முடிக்கையில் கதவு தட்டப்படுகிறது. ஹாட்ஜ்கின்ஸ், மட்லர், ஜாக்ஸ்டர் முதலானோர் நேரில் வந்து நிற்கிறார்கள். மிகைப்படுத்தல் உண்டு என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொள்ளப்பட்ட கதைக்குச் சாட்சிகள் கிடைத்துவிடுகின்றனர். ஸ்னிஃபும் ஸ்னஃப்கினும் தம் தந்தையரைக் கண்ணால் காண்கின்றனர். சிற்பியின் வீட்டிலும் தந்தையின் தோழர்கள் வருகிறார்கள். அங்கே சிறுமி மேலே தன் படுக்கையில் கிடந்து, கீழே சிற்பக்கூடத்திலிருந்து எழும் இசையையும் குரல்களையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.